மாமா சாவுக்கு நான் போகவில்லை: கொரோனாவும் நம் பக்கத்து உறவுகளும்

14 ஜூன் 2022, காலை. கேள்வி கேட்டவர்: பாலாற்றங்கரை

வெளிநாடுகளில் கொரோனா நேரத்தில் வயதானவர்கள் தனியாகக் கிடந்தார்கள், நம் ஊரில் கூட்டுக் குடும்பமும் சொந்தபந்தமும் தாங்கிப் பிடித்தது என்று எங்கே போனாலும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள். உறவு நெருங்கியதா, விலகியதா?

14 ஜூன் 2022, இரவு. பதில் எழுதியவர்: சத்துவாச்சாரி

விலகியது. என் வீட்டில் விலகியது.

என் தாய்மாமன் குடியாத்தத்தில் கைலி நெய்துகொண்டிருந்தவர். 2021 மே 21, வெள்ளிக்கிழமை விடியற்காலை தவறிப்போனார். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று அறிவித்ததும் அதே நாள்தான். முழு ஊரடங்கு, இ-பதிவு இல்லாமல் வண்டி எடுக்க முடியாது. நான் போக முடியவில்லை. அவருடைய ஒரே தங்கையான என் அம்மாவும் போகவில்லை.

எனக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்துக்கொண்டவர் அவர்தான். என் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். நான் பத்தாவது தேறியதும் சைக்கிள் வாங்கி, அதைக் குடியாத்தத்திலிருந்து வேலூர் வரைக்கும் தானே மிதித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். "பஸ்ஸுல ஏத்தினா பெயிண்ட் போயிடும்டா" என்றார்.

போன மாதம் முதல் வருஷ நினைவு நாள் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. இலை போட்டிருந்தது, சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்தார்.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பது நம் ஊர்ப் பேச்சு. நாங்கள் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. தாங்கிப் பிடித்தது என்று இனி யாராவது சொன்னால் எனக்கு அந்தப் படம்தான் கண்ணுக்கு முன்னால் வரும்.

15 ஜூன் 2022, காலை

நேற்று வேகத்தில் எழுதினேன். இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் அன்பை யாரும் வாயால் சொல்வதில்லை. என் மாமா ஒரு நாளும் என்னிடம் "உன்னைப் பிடிக்கும்" என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. உறவு என்றால் போய் நிற்பது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிளாஸ்க்கோடு போய் நிற்பது, காதுகுத்துக்குச் சீரோடு போய் நிற்பது, சாவுக்கு மாலையோடு போய் நிற்பது. போனால் யாரும் பெரிதாகப் பேசுவதுகூட இல்லை. பந்தலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வருவார்கள். ஆனால் வந்தார் என்பது பதிவாகிவிடும். வராதவர் பெயரும் பதிவாகிவிடும்.

அப்படி இருக்கும் ஊரில், போய் நிற்பதையே கொரோனா குற்றமாக்கிவிட்டது. வந்தால் நோயைக் கொண்டு வருகிறாய், வராவிட்டால் உறவை முறிக்கிறாய். கையைத் தூக்கி ஹலோ சொல்லிப் பழகிய ஊர்க்காரனுக்கு வீடியோ கால் போதும். போய் நின்றே பழகியவன் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் என்ன செய்வான்?

15 ஜூன் 2022, மதியம்

காலையில் எழுதியதில் கடைசி வரி சரியில்லை. வெளியூர்க்காரர்கள் சாவும் சாவுதான். அவர்களுக்கு வீடியோ கால் போதும் என்று சொல்ல நான் யார்? எடுத்துக்கொள்கிறேன்.

15 ஜூன் 2022, இரவு

"குடியாத்தமும் வேலூர் மாவட்டம்தானே, அதற்கு என்ன தடை?" என்று காட்பாடி நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

2021 மே 17-லிருந்து மாவட்டத்துக்குள் போவதற்கும் இ-பதிவு வேண்டும் என்று ஆனது உண்மை. ஆனால் எதற்கெல்லாம் பதியலாம் என்ற பட்டியலில் இறப்பும் இருந்தது. துக்கத்துக்கு 20 பேர் வரை கூடலாம் என்றும் இருந்தது. பதிவு என்றால் யாரும் உட்கார்ந்து அனுமதி கொடுப்பதில்லை. நாமே இணையத்தில் விவரத்தைப் போட்டால் உடனே கிடைத்துவிடும். 5 நிமிட வேலை.

நான் பதியவே இல்லை.

அன்று காலை மாமா மகனுக்குப் போன் செய்தேன். "மச்சான், இ-பதிவு கிடைக்கல" என்றேன். "சரி மாப்ள" என்றார். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. அவர் அன்றைக்கே தன் அக்கா வருவதற்கு இ-பதிவு போட்டுக் கொடுத்தவர் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த இழையில் நேற்று இரவு நான் எழுதிய முதல் குறிப்பைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். மச்சானிடம் சொன்ன அதே பொய்யை இங்கேயும் எழுதியிருக்கிறேன். ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. அதை அழிக்கப் போவதில்லை, இருக்கட்டும்.

16 ஜூன் 2022

ஏன் போகவில்லை என்றால், என் அப்பா. நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். தொற்று வந்தால் வழக்கமாகப் போகும் இடத்தில் சேர்க்க மாட்டார்கள், வேறு இடம் தேட வேண்டும். அந்த மே மாதத்தில் வேறு இடம் எங்கே இருந்தது? நான் துக்க வீட்டுக்குப் போய்வந்து நைனாவுக்கு ஒட்டிக்கொண்டால் அடுத்த சாவு எங்கள் வீட்டில்தான்.

காரணம் சரியான காரணம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதை மச்சானிடம் சொல்ல என் வாய் வரவில்லை. "உன் அப்பா முக்கியம், என் அப்பா செத்தா பரவாயில்லையா" என்று காதில் விழும் என்று பயந்தேன். அதனால் அரசாங்கத்தின் மேல் போட்டேன்.

என்னைப் போல எத்தனை பேர் செய்திருப்பார்கள் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்ற விதியை வைத்துக்கொண்டு, கூப்பிட விரும்பாதவர்களை எல்லாம் விட்டுவிட்டார்கள். இ-பாஸ் கிடைக்கவில்லை என்று சொல்லி எத்தனையோ பேர் பெரியம்மாவைப் பார்க்கப் போகவில்லை. நம்மிடம் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொந்தக்காரரிடம் சொல்ல ஒரு வழக்கமான பேச்சு இல்லை. அந்த இடத்தில் விதியை வைத்து மூடினோம். மூடியது எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அது அப்படியே உள்ளே கிடந்து புளித்துக்கொண்டிருக்கிறது.

19 ஜூன் 2022

ஒரு வாசகர் ஆராய்ச்சிகளைப் பற்றி எழுதியிருந்தார். நன்றி. மூன்றையும் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலாவது, குழு வாழ்க்கை அழுத்தமாக உள்ள இடங்களில் முகக்கவசம் அதிகம் போட்டார்கள் என்று 2021-ல் ஜாக்சன் லூவும் உடன் ஆய்வாளர்களும் எழுதியது. இருக்கலாம். ஆனால் எங்கள் தெருவில் நான் பார்த்தது வேறு. போலீஸ் நிற்கும் கிரீன் சர்க்கிளில் போடுவார்கள், கடையில் போடுவார்கள். சித்தப்பா வீட்டு வாசற்படி ஏறும்போது கழற்றிப் பையில் வைத்துவிடுவார்கள். சொந்தக்காரர் முன்னால் முகத்தை மூடினால் "உன்னைச் சந்தேகப்படுகிறேன்" என்று அர்த்தம். என் சித்தியே என்னிடம் கேட்டார், "எங்ககிட்ட கூடவாடா மூடிக்கிட்டு வர்ற?" என்று. அந்நியரிடம் ஜாக்கிரதையாக இருந்தோம், வேண்டியவரிடம் இல்லை. நோய் வந்தது வேண்டியவர் வழியாகத்தான்.

இரண்டாவது, 39 நாடுகளை வைத்துச் செய்தது. புதிதாக ஆட்களைச் சேர்த்துக்கொள்வதும் விடுவதும் சுலபமாக இருக்கும் நாடுகளில் ஆரம்பத்தில் தொற்று வேகமாகப் பரவியது என்கிறது. உறவு பிறப்பிலேயே தீர்மானமாகிவிடும் நம் மாதிரி இடங்களில் ஆரம்பம் மெதுவாக இருக்குமாம். சரி. 2020-க்கு அது பொருந்தலாம். 2021-ல் ஒரு வளைகாப்பு, ஒரு காரியம், ஒரு பந்தி போதுமானதாக இருந்தது.

மூன்றாவதுதான் என் மனதில் நின்றது. ஹீஜங் கிம், டேவிட் ஷெர்மன், ஷெல்லி டெய்லர் மூவரும் 2008-ல் எழுதியது. ஆசியப் பின்னணி உள்ளவர்கள் கஷ்டம் வந்தால் வாய்விட்டு உதவி கேட்பது குறைவு, கேட்டால் உறவுக்குப் பாரமாகும் என்று நினைப்பார்கள், விஷயத்தைப் பேசாமலே வேண்டியவர் பக்கத்தில் இருப்பதில்தான் ஆறுதல் அடைவார்கள் என்கிறார்கள். கொரோனாவுக்கு 12 வருஷம் முன்னால், எங்கேயோ அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பந்தலில் பேப்பர் படிக்கும் என் பெரியப்பாவைத்தான் அதில் பார்த்தேன். பக்கத்தில் இருப்பதுதான் நம்முடைய பேச்சு. பக்கத்தில் இருக்கக் கூடாது என்றதும் ஊமையாகிவிட்டோம்.

20 ஜூன் 2022

பழக்கடை பாயைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். 2020 ஏப்ரலில், டெல்லி தப்லீக் மாநாட்டால்தான் கொரோனா பரவியது என்ற செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவுக்குப் பதினைந்து வருஷமாகத் தள்ளுவண்டி கொண்டுவந்தவரை வராதே என்று சொல்லிவிட்டார்கள். நைனாவுக்கு எந்தப் பழம் சாப்பிடலாம், எது கூடாது என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு ஞாபகம் வைத்திருந்து ஆப்பிள் மட்டும் பொறுக்கிக் கொடுப்பவர். நான் வீட்டுக்குள் இருந்தேன், வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் நெருங்கிய உறவுதான் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு மாதம் கழித்து வந்தார். ஆப்பிளைப் பொறுக்கிக் கொடுத்தார்.

3 ஜூலை 2022

மேலே நான் எழுதியதெல்லாம் விலகல் பக்கமாகவே போய்விட்டது. என் தங்கை இதைப் படித்துவிட்டுப் போன் செய்து சண்டை போட்டாள். "என் கதையை ஏன் எழுதல?"

அவளை ஆம்பூரில் கொடுத்திருக்கிறது. 2019 நவம்பர் வரைக்கும் ஆம்பூர், வேலூர் எல்லாம் ஒரே மாவட்டம். நவம்பர் 28-ல் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் தனி மாவட்டமாக ஆயின. எங்களுக்கு அது பெயர்ப் பலகை மாறிய சமாச்சாரம் மட்டும்தான். நான்கு மாதத்தில் ஊரடங்கு வந்ததும்தான் அந்தக் கோடு உண்மையிலேயே தரையில் இருப்பது தெரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், பாஸ் இல்லாமல் வர முடியாது. ஆற்காடு, வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டம், அதற்கும் அப்படித்தான். நினைத்தால் பஸ் ஏறிப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வரும் தூரம்.

அப்போது தங்கைக்கு ஏழாவது மாதம். தலைப் பிரசவம். வளைகாப்பு போட்டு அழைத்து வர வேண்டியது. முடியவில்லை. அம்மா தினமும் அழுதார். மாமியார் வீட்டிலேயே பிரசவம். அந்த மாமியார் பேசினாலே அடிக்கிற மாதிரி இருக்கும் என்று என் தங்கை கல்யாணமான புதிதில் சொல்வாள். அந்த அம்மாள் மூன்று மாதம் எழுந்து வெந்நீர் வைத்து, பத்தியச் சோறு போட்டு, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறார். ஒரு நாள் இரவு இவள் அம்மாவை நினைத்து அழுதபோது, "எனக்கும் மூணு பிரசவம் இங்கதான், எங்கம்மா செத்துட்டாங்க, யாரும் வரல" என்றாராம். இன்றைக்கு என் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டாம் நாள் "அத்தை தனியா இருப்பாங்க" என்று கிளம்பிவிடுகிறாள்.

ஆக, நெருங்கியதும் உண்டு. பாலாற்றங்கரை நண்பரே, உங்கள் கேள்விக்கு "விலகியது" என்று ஒரே வார்த்தையில் சொன்னது தப்பு.

3 ஜூலை 2022, இரவு

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். தாய் வீட்டுக்குப் போகும் வழி அடைபட்டதால் என் தங்கைக்கு நல்லது நடந்தது. அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்கு அதே வழி அடைபட்டதால் கெட்டது நடந்தது. வீட்டுக்காரன் குடிப்பவன். கடை மூடியதும் கிறுக்குப் பிடித்தவன் போல ஆனான், கடை திறந்ததும் அதைவிட மோசம். முன்பெல்லாம் அடி விழுந்தால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அணைக்கட்டு பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பத்து நாள் கழித்து இவன் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்று அழைத்து வருவான். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவதை நாம் சினிமாவில் பார்த்துச் சிரிக்கிறோம். எத்தனையோ குடும்பங்களை உடையாமல் வைத்திருப்பது அதுதான். எத்தனையோ பெண்களை உயிரோடு வைத்திருப்பதும் அதுதான். 2020-ல் பஸ் இல்லை. பெண்களுக்கான 181 எண்ணை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் கூப்பிடவில்லை. "போன் பண்ணினா அவரை உள்ள தள்ளிடுவாங்க, அப்புறம் சொந்தம் என்னைச் சும்மா விடுமா" என்று என் மனைவியிடம் சொன்னாள்.

தாங்குகிற கைதான் கழுத்தையும் பிடிக்கிறது. எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

24 ஜூலை 2022

ஆடி மாதம். இன்று தெருவில் கூழ் ஊற்றினார்கள். வேப்பிலைத் தோரணத்தைப் பார்த்ததும் ஒரு யோசனை.

என் ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் உள்ளே வர மாட்டார்கள். வீட்டில் தாளிக்க மாட்டார்கள், தலை வார மாட்டார்கள், வெளியே சாவு விழுந்தாலும் அந்த வீட்டார் போக மாட்டார்கள். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்று சொன்னால் போதும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு கூழோ பொங்கலோ வைத்து எல்லாரையும் கூப்பிடுவார்கள். முடிந்தது. இந்தியாவில் பெரியம்மை 1975-ல் ஒழிந்தது. வேப்பிலை வழக்கம் இன்னும் சின்னம்மைக்கு இருக்கிறது.

பாருங்கள், நம் ஆட்களுக்குத் தனிமைப்படுத்துதல் புதிது இல்லை. போகாமல் இருப்பதற்கு மரியாதையான ஒரு காரணம் இருந்தது, திரும்பச் சேர்வதற்கு ஒரு நாளும் இருந்தது. கொரோனாவுக்கு வேப்பிலைக்குப் பதிலாகத் தகரமும் ஒட்டிய நோட்டீசும் வந்தன. தகரம் அடித்த வீட்டை ஊரே குற்றவாளி வீடு மாதிரி பார்த்தது. இப்படி நோட்டீஸ் ஒட்டுவது பொதுவான வழக்கமாக இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லும் அளவுக்குப் போனது. தண்ணீர் ஊற்றும் நாள் ஒன்று கொரோனாவுக்கு இல்லவே இல்லை. 14 நாள் முடிந்தால் அட்டையைக் கழற்றினார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டுக் கூழ் ஊற்றவில்லை. நானும் மச்சானும் இன்னும் அந்தத் தண்ணீர் ஊற்றாத நாளிலேயே நிற்கிறோம்.

வேப்பிலை கட்டினால் கிருமி சாகும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேச்சை இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

7 ஆகஸ்ட் 2022

லாட்ஜில் நடந்ததையும் எழுதச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தார். நான் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு லாட்ஜில் கணக்கு பார்ப்பவன். எங்களிடம் தங்குபவர்கள் பெரும்பாலும் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ். அறையிலேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொள்வார்கள். 2020 மார்ச் 24 இரவு அறிவிப்பு வந்தபோது வைத்தியம் முடிந்து ஊருக்குத் திரும்பக் காத்திருந்தவர்கள் அப்படியே மாட்டிக்கொண்டார்கள்.

முதல் வாரம் ஒவ்வொரு அறையும் தனித்தனி. இரண்டாவது வாரம் கையில் காசு குறைந்தது. மூன்றாவது வாரம் மாடியில் ஒரே அடுப்பு. ஜார்க்கண்ட் அம்மாள் ஒருவர் ரொட்டி போட, வங்காளத்துப் பெரியவர் மீன் இல்லாத குழம்பு வைப்பார். ஒருவருக்கொருவர் பாஷை அரைகுறை. அந்தப் பெரியவர் ஆபரேஷன் ஆனவர், கூட ஒரு மகன் மட்டும். ஊரில் அவர் அண்ணன் இறந்த செய்தி ஏப்ரலில் போனில் வந்தது. மாடியில் எல்லாரும் அவரைச் சுற்றி இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நானும் தள்ளி ஒரு படியில் உட்கார்ந்தேன்.

மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் விட்டார்கள். போகும்போது அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மகன் மொழிபெயர்த்தான்: "அண்ணன் சாவுக்கு நீங்க வந்தீங்க."

அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அடுத்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

9 ஆகஸ்ட் 2022

சின்ன விஷயம். 2020 ஏப்ரல் கடைசியில் ஆந்திர எல்லையில் சுவர் கட்டியதை யாரும் சொல்லவில்லையே? குடியாத்தம் தாண்டி சைனகுண்டாவில் ஒன்று, பொன்னை பக்கம் ஒன்று. ரோட்டுக்குக் குறுக்கே நிஜமாகவே கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் இடித்தார்கள். மாமா வீட்டுச் சம்பந்தி எல்லைக்கு அந்தப் பக்கம் பலமநேரில். மாமா அன்றைக்குப் போனில் சொன்னார்: "பொண்ணு குடுக்கும்போது இல்லாத செவுரு இப்ப எங்கடா வந்துச்சு?" அவரோடு நான் நிறையப் பேசிச் சிரித்த கடைசி அழைப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

27 நவம்பர் 2022

நைனா போன வாரம் காலமானார். கொரோனா இல்லை. இதயம் நின்றுவிட்டது. 16-ஆம் நாள் காரியம் இன்னும் இருக்கிறது.

மச்சான் வந்தார்.

குடியாத்தத்திலிருந்து முதல் வண்டியில் அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய மாலை. அத்தை நேரே போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். மச்சான் பந்தலில் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாடை கட்டும்போது எழுந்து வந்து மூங்கில் பிடித்தார். சுடுகாட்டு வரைக்கும் தோள் கொடுத்தார். பிறகு பார்த்தால் ஆள் இல்லை, கிளம்பிவிட்டிருந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று மனைவி சொன்னாள்.

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, அது முறை. முறைக்காகத்தான் சொல்லாமல் போனாரா, என் மேல் உள்ள வருத்தத்தில் போனாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது.

அம்மா மட்டும் அன்று இரவு ஒரு விஷயத்தை எடுத்தார். ஒன்றரை வருஷமாகப் பேசாதது. மாமா இறந்த அன்று அம்மா முந்தானையில் ஒரு பிடி அரிசி முடிந்து வைத்திருந்தார், வாய்க்கரிசிக்கு. நான் போக வேண்டாம் என்று சொன்ன பிறகு மொட்டை மாடிக்குப் போனார். நான் கீழேயிருந்து பார்த்தேன். மேற்கே குடியாத்தம் பக்கம் திரும்பி நின்று அந்த அரிசியைப் போட்டார். "உங்க நைனாவுக்கு நேரா போட்டேன், எங்கண்ணனுக்கு ஆகாசத்துல போட்டேன்" என்றார். என்னைக் குறை சொல்லும் குரல் இல்லை அது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

12 ஜனவரி 2023

ஆறுதல் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

"நீங்களே போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அது சரிதான். ஆனால் நம் பக்கத்தில் அப்படி உட்கார வைத்து "நான் உன்னிடம் பொய் சொன்னேன், மன்னித்துவிடு" என்று சொன்னால் கேட்பவருக்குத்தான் சங்கடம். அவர் "அதெல்லாம் ஒண்ணுமில்ல விடு மாப்ள" என்று சொல்லியே ஆக வேண்டும், வேறு பதிலுக்கு வழி கிடையாது. அவரை அந்த மூலையில் தள்ள எனக்கு விருப்பம் இல்லை. என்ன செய்வது என்று யோசிக்கிறேன்.

இன்னொன்று. அத்தை போனில் அம்மாவிடம் சொன்னாராம்: மாமா உடலை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துப் போய் அடக்கியது அந்த ஊர் முஸ்லிம் இளைஞர்கள் நான்கு பேர். கவச உடை போட்டுக்கொண்டு, மச்சானை முகம் பார்க்க வைத்து, கற்பூரம் ஏற்றவும் நேரம் கொடுத்திருக்கிறார்கள். மச்சானுக்கு அவர்கள் முகமே தெரியாதாம், கண் மட்டும்தான் தெரிந்ததாம். இப்போதும் ரம்ஜானுக்கு அவர்களில் ஒருவர் வீட்டிலிருந்து பிரியாணி வருகிறதாம்.

17 மே 2023

நேற்று முன்தினம் வைகாசி ஒன்று. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவருவது. 2020, 2021 இரண்டு வருஷமும் கூட்டமில்லாமல் போனது. மாமா இறந்தது 2021 சிரசு முடிந்து ஒரு வாரத்தில். போன வருஷம் நாங்கள் போகவில்லை. இந்த வருஷம் அம்மாவே "கிளம்பு" என்றார். அழைப்பு எதுவும் இல்லை. சிரசுக்கு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை.

தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு வரும்போது வழியெல்லாம் தேங்காய் உடைக்கிறார்கள், கால் வைக்க இடமில்லை. அம்மாவும் ஒரு தேங்காய் உடைத்தார். கோபாலபுரத்தில் கோயிலை நெருங்க முடியவில்லை. தூரத்தில் நின்றே கும்பிட்டுவிட்டு மாமா வீட்டுக்கு நடந்தோம்.

அத்தை வாசலில் இருந்தார். "வாங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா உள்ளே போய் "எங்க படுத்திருந்தாரு?" என்று கேட்டார். தறிக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். அம்மா அந்தத் தரையில் போய் உட்கார்ந்தார். கையால் தரையைத் தடவினார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

மச்சான் வந்தபோது மணி இரண்டு. திருவிழா ஆட்டுக்கறி, கேழ்வரகுக் களி. எனக்கு எதிரே உட்கார்ந்தார். யாரும் பேசவில்லை. பாதி சாப்பாட்டில் தலையைத் தூக்காமல் கேட்டார்:

"மாமாவுக்கு டயாலிசிஸ் எந்தெந்த நாளு?"

"செவ்வாய், வெள்ளி."

களியை உருட்டிக்கொண்டிருந்த கை கொஞ்சம் நின்றது.

"எத்தனை மணிக்கு?"

"காலை பத்து மணிக்கு, மச்சான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டியை இழுத்து என் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி குழம்பு ஊற்றினார். போதும் என்று கையைக் குறுக்கே வைத்தேன். கையைத் தள்ளிவிட்டு ஊற்றினார்.